கோயமுத்தூர் 50 கிலோமீட்டர், தைவான் எத்தனை கிலோமீட்டர்? – ஒரு நிட்டிங் மெஷின் கேமுக்கு ஒன்பது நாள் காத்திருந்தவன் கேட்கிறேன்

ஊசிக்கோடு (திருப்பூர்) – செவ்வாய், இரவு 9:40

வணக்கமுங்க. கொஞ்சம் வயித்தெரிச்சலோட எழுதறேன், பொறுத்துக்குங்க.

அனுப்பர்பாளையம் பக்கம் பனியன் துணி பின்னற எட்டு நிட்டிங் மெஷின் வெச்சு, அடுத்தவங்க நூலுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் ஓட்டறேன். அதுல ஒரு 30 டயா, 24 கேஜ் மெஷின் (30 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 ஊசி) ஒன்பது நாளா நிக்குது. நாலு ஃபீடர்ல (நூல் உள்ள போற எடம்) கேம், அதான் ஊசியை ஏத்தி இறக்கற இரும்புத் துண்டு, தேஞ்சு துணியில படுக்கைக் கோடு விழுது. ஏஜென்ட்கிட்ட கேட்டா "தைவான்ல இருந்து வரணும் சார், இன்னைக்கு நாளைக்கு"ங்கறார். இந்த "இன்னைக்கு நாளைக்கு"க்கு ஒன்பது நாள் ஆச்சு. நூல் குடுத்தவங்க வேற யூனிட்டுக்கு லோடைத் திருப்பிட்டாங்க.

ராத்திரி தூக்கம் வராம யோசிச்சேன். உள்ளங்கையில அடங்கற இரும்புத் துண்டுங்க அது. கோயமுத்தூர் இங்கிருந்து 50 கிலோமீட்டர். நூல் மில்லுக்கு முழு மெஷினையே செஞ்சு உலகத்துக்கு அனுப்பற ஊர். பம்பு, மோட்டார், கிரைண்டர் எல்லாம் அங்கதான். பக்கத்து ஊர்ல இத்தனை ஆயிரம் நிட்டிங் மெஷின் ஓடறப்ப, அதையோ அதோட கேமையாவதோ அந்த ஊர் ஏன் செய்யல? நாம ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறதே இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

வார்ப்படம் (பீளமேடு) – செவ்வாய், இரவு 10:25

தம்பி, நியாயமான கேள்வி. நான் 38 வருஷம் வார்ப்புக்கு மாதிரி செய்யற பேட்டர்ன் ஷாப்பிலும் ஃபவுண்டரியிலும் இருந்தவன். பழைய கதையில இருந்து வரணும்.

கோயமுத்தூர்ல மெஷின் செய்யற புத்தி முதல்ல ரிப்பேர்ல இருந்துதான் வந்தது. 1888-ல் ஸ்டேன்ஸ் மில். அப்புறம் 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்லுங்க மளமளன்னு முளைச்சுது. எல்லாம் இங்கிலாந்து மெஷின். பாகம் ஒடைஞ்சா கப்பல்ல வரணும், மாசக்கணக்காகும். அதனால மில்லுக்குப் பக்கத்துலயே பட்டறை வந்தது. அதே மின்சாரம் கிணத்து மேட்டுக்கும் போச்சு. நம்ம கிணறு ஆழம் உங்களுக்கே தெரியும், மாடு கட்டிக் கவலை இறைச்சு மாளாது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மோட்டார் செஞ்சாங்க. செஞ்சவனும் வாங்கினவனும் ஒரே சந்தையில காய்கறி வாங்கினவங்க. மோட்டார் புகைஞ்சா மறுநாள் காலையில விவசாயி மாட்டு வண்டியில அதை ஏத்திக்கிட்டு வந்து பட்டறை வாசல்ல இறக்கிருவான்.

நூற்பு மெஷின் அப்படியே தானா வளர்ந்ததுன்னு நினைக்காதீங்க. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962-ல் சுவிட்சர்லாந்து ரீட்டர் கம்பெனியோட தொழில்நுட்பக் கூட்டு வெச்சுத்தான் ஆரம்பிச்சது. டிராயிங் வெளியூர்ல இருந்து வந்தது, அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளுங்க இங்க ஏற்கெனவே இருந்தாங்க. பி.எஸ்.ஜி. தர்ம ஸ்தாபனம் 1926-லயே தொழிற்பள்ளி வெச்சிருந்தது, 1951-ல் இன்ஜினீயரிங் காலேஜ் வந்தது, 1956-ல் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையம். விதை வெளியே இருந்து வந்தாலும் நிலம் உழுதிருந்தது.

உங்க நிட்டிங் மெஷினுக்கு அந்த நேரம் வாய்க்கல. அதை நாளைக்கு எழுதறேன், மாத்திரை போட்டுட்டேன், கண்ணு சொக்குது.

---

காஜா பட்டன் (திருப்பூர்) – செவ்வாய், இரவு 11:05

கோயமுத்தூர்க்காரங்க எப்பவும் இப்படித்தான், 1888-ல இருந்து ஆரம்பிப்பாங்க 😄 கேம் எப்ப வரும்னு கேட்டா பைக்காரா அணை கட்டின கதை.

---

சாய்பாபா காலனி – செவ்வாய், இரவு 11:20

அப்ப திருப்பூர் என்ன கண்டுபிடிச்சிருக்குன்னு சொல்லுங்களேன், கேட்போம். ஜெர்மன் மெஷின், தைவான் மெஷின், பீகார் ஆளு, இத்தாலி டிசைன். ஒறம்பரை வீட்டுப் பாத்திரத்துல சமைச்சுட்டு விருந்து வெச்சேன்னு பீத்தறது.

---

நெறியாளர் – புதன், காலை 7:10

ஊர்ச்சண்டை வேண்டாமுங்க. நடுவுல வந்த ஏழு பதிவுகளைத் தூக்கியாச்சு. மேல இருக்கற ரெண்டையும் ஒரு ருசிக்கு விட்டு வெச்சிருக்கேன். கேமைப் பத்திப் பேசுங்க.

---

வார்ப்படம் – புதன், காலை 8:30

விட்ட இடத்துல இருந்து. நூற்பு மெஷின் வளர்ந்த காலம் இறக்குமதிக் கதவு சாத்தியிருந்த காலம். வெளிநாட்டு மெஷின் வாங்க லைசென்ஸ், அந்நியச் செலாவணி, ஆயிரத்தெட்டு சிக்கல். அதனால உள்ளூர் மெஷின் சுமாரா இருந்தாலும் மில்காரர் வாங்கினார், குறையைச் சொன்னார், அடுத்தது நல்லா வந்தது. அப்படிக் குறை சொல்லிச் சொல்லியே 20 வருஷத்துல மெஷின் தேறிருச்சு.

திருப்பூர் ஏற்றுமதி பெருசாச்சே, அது 80களோட பின்பாதியிலயும் 90களிலயும். அந்நேரம் கதவு திறந்தாச்சு. 1990-ல் ஏற்றுமதியாளருக்கு வரிச்சலுகையில மெஷின் கொண்டாற திட்டம், 1999-ல் ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம்னு வட்டி மானியம். பேங்க்காரன் தைவான் மெஷினுக்குக் கடன் குடுக்கறான், வட்டியில 5 சதவீதத்தை அரசாங்கம் தாங்குது. எவன் கோயமுத்தூர் பட்டறையில போய் "எனக்கு ஒண்ணு செஞ்சு பாருங்க"ன்னு நிப்பான்? நானா இருந்தாலும் நிக்க மாட்டேன். மானியத்தைத் தப்பு சொல்லல. அது இல்லாட்டி திருப்பூர் இன்னும் வெள்ளை பனியன்லயே நின்னிருக்கும். ஆனா அதுக்கு ஒரு விலை இருந்துச்சு. அதைத்தான் இந்தத் தம்பி ஒன்பது நாளா குடுத்துட்டு இருக்கார்.

---

பீளமேட்டுப் பொண்ணு (இப்போது பெங்களூரு) – புதன், காலை 10:15

வார்ப்படம் ஐயா சொன்னது பொருளாதார ஆய்வில் நாங்கள் படிப்பதோடு அழகாகப் பொருந்துகிறது. நான் தொழில் வட்டாரங்கள் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். கொஞ்சம் பாடம் எடுத்தால் மன்னிக்கவும்.

தொழில்கள் ஓரிடத்தில் குவிந்தால் நுட்பம் காற்றில் கலந்துவிடும், குழந்தைகள்கூட அறியாமலே கற்றுக்கொள்வார்கள் என்பது ஆல்ஃப்ரெட் மார்ஷல் 1890-லேயே சொன்ன கருத்து. பிறகு 1993-ல் ஜாஃபேயும் இன்னும் இருவரும் அமெரிக்கக் காப்புரிமைகளை எடுத்து, எது எதை மேற்கோள் காட்டுகிறது என்று பார்த்தார்கள். தொழில் அங்கே குவிந்திருப்பதைக் கணக்கில் கழித்த பிறகும், ஒரே ஊர்க் காப்புரிமைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுவது எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருந்தது. அறிவு எல்லோருக்கும் திறந்து கிடந்தாலும் நடந்து போவது பக்கத்துத் தெருவுக்குத்தான்.

ஆனால் உள்ளூர்ப் பேச்சை மட்டும் நம்பியிருக்கும் ஊர் தேங்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். 2004-ல் மூன்று புவியியலாளர்கள் இதை உள்ளூர்ச் சலசலப்பு, தூரத்துக் குழாய் என்று இரண்டாகப் பிரித்தார்கள். டீக்கடைப் பேச்சு தானாக நடக்கும், செலவில்லை. வெளியூர்க் குழாயை ஒருவர் பணமும் நேரமும் போட்டுப் பதிக்க வேண்டும். ரீட்டர் கூட்டு அப்படிப்பட்ட குழாய். திருப்பூருக்கும் குழாய்கள் உண்டு. பனியன் தொழில் முதலில் வேர்விட்டது கல்கத்தாவில், அங்கிருந்துதான் பழக்கம் தெற்கே வந்தது. 70களின் கடைசியில் ஐரோப்பிய வியாபாரிகள் வரத் தொடங்கிய பிறகு துணியின் தரம், நிறம், அளவு எல்லாம் அந்த வழியாக வந்தன.

என் சந்தேகம், அந்தக் குழாய்கள் துணியைப் பற்றிய அறிவை மட்டும் கொண்டுவந்தன, மெஷினைப் பற்றியதை அல்ல. மெஷின் மூடிய பெட்டியாகவே வந்து இறங்கியது.

---

ரிக்குலோடு (திருச்செங்கோடு) – புதன், மதியம் 2:50

அம்மிணி நல்லா எழுதறீங்க. குழாய்னதும் நம்ம தொழிலாச்சேன்னு உள்ள வந்தேன் 😀

நானு போர் வண்டிக்காரன், ஆழ்துளைக் கிணறு போடற ரிக் ஓட்டறவன். எங்க ஊர் வண்டி இந்தியாவுல போகாத எடம் கம்மி. டிரைவர், டிரில்லர், சமையக்காரன்னு ஒரு கூட்டமாப் போயி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், தெலங்கானான்னு மாசக்கணக்குல கிடப்போம். எங்க ஊர்ல இன்ஜினீயரிங் காலேஜ் வர்றதுக்கு முன்னாடியே ரிக் வந்துருச்சு. எப்படின்னு எங்க அப்பாரைக் கேட்டா "தண்ணி இல்லாத ஊர்க்காரனுக்குத்தான் பூமிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியோணும்"பாரு.

நம்மூர்ப் பாறை கெட்டி. ஹேமர் போட்டு அடிச்சா ஓட்டை நிக்கும், மேல கொஞ்சம் கேசிங் (ஓட்டை சரியாம எறக்கற குழாய்) போதும். அதே செட்டைத் தூக்கிட்டு ராஜஸ்தான் போனோம். 100 அடிக்குக் கீழயும் மண்ணு, மண்ணு, மண்ணு. ஓட்டை சரிஞ்சு ஹேமரே உள்ள மாட்டிக்குச்சு. ஹேமரு, பிட்டு, ராடு அத்தனையும் மண்ணுக்குள்ள. அந்த நஷ்டம் கட்ட ரெண்டு சீசன் ஆச்சு.

நாங்க செஞ்ச ஒரே நல்ல காரியம், வளைஞ்ச ராடு, பிஞ்ச பிட்டு எல்லாத்தையும் லாரியில போட்டு ஊருக்குக் கொண்டாந்தோம். வொர்க்ஷாப்புல வெச்சு நாலு வண்டிக்காரன், வெல்டர், லேத்துக்காரன் எல்லாம் சுத்தி நின்னு பாத்தாங்க. "இந்தப் பக்கம் தேஞ்சிருக்கு பாரு, காத்து பத்தல, மண்ணு மேல ஏறாம சுத்திச்சுத்தி அரைச்சிருக்கு"ன்னு வெல்டர்தான் சொன்னான். அந்தாளு ராஜஸ்தானைப் படத்துலகூடப் பாத்தவனில்ல. அடுத்த வண்டிக்கு கம்ப்ரஸரு பெருசாச்சு, கேசிங் எறக்கற மொறை மாறுச்சு.

எல்லாரும் பங்காளிங்கதான், ஒருத்தனுக்கொருத்தன் போட்டிதான், அடி ரேட்டுல வெட்டிக்குவோம். ஆனா ஒடைஞ்ச சாமான மறைச்சு வெச்சு எவனும் பொழைச்சதில்ல.

ஊசிக்கோடு தம்பி, ஒண்ணு கேக்கறேன். தேஞ்ச கேமை என்ன பண்ணுனீங்க?

---

ஊசிக்கோடு – புதன், மதியம் 3:20

அது… பழைய இரும்புக் கூடையில கிடக்குதுங்க.

---

எண்ணெய்க்கை (திருப்பூர்) – புதன், இரவு 8:00

22 வருஷமா நிட்டிங் மெஷின் ஃபிட்டர். இவ்வளவு நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், ரிக்கு அண்ணன் கேட்ட கேள்வி சுருக்குனு பட்டுச்சு.

கோயமுத்தூர்ல கேம் செய்யலைங்கறது தப்பு. நானே செஞ்சு வாங்கியிருக்கேன். ஏழெட்டு வருஷம் முன்னாடி, இதே மாதிரி மெஷின் நின்னப்ப, கோயமுத்தூர் கணபதியில ஒரு வயர்கட் பட்டறைக்கு (மின்பொறி பாயற கம்பியால இரும்பை வெட்டற எடம்) பழைய கேமை எடுத்துட்டுப் போனேன். அளவெடுத்து, நல்ல டூல் ஸ்டீல்ல வெட்டி, கடினப்படுத்தி நாலு நாள்ல குடுத்துட்டாங்க. மைக்ரோமீட்டர் வெச்சுப் பாத்தா முடி அளவு வித்தியாசம்கூட இல்ல. விலை கால்வாசி. எனக்குத் தலைகால் புரியல.

மாட்டி ஓட்டினோம். மூணு வாரம் ராஜா மாதிரி ஓடுச்சு. அப்புறம் ஊசி ஒடைய ஆரம்பிச்சுது. கழட்டிப் பாத்தா கேம் அப்படியே இருக்கு, ஊசியோட பட், அதான் கேம் மேல உரசற மூக்கு, தேஞ்சு கத்தியாட்ட ஆயிருக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. 30 டயா 24 கேஜ்னா சிலிண்டர்ல சுமார் 2,260 ஊசி. நிமிஷத்துக்கு 25 சுத்து ஓட்டினா, ஒரு ஃபீடரைத் தாண்டி நிமிஷத்துக்கு 56,500 ஊசி போகுது. 90 ஃபீடர் இருக்கற மெஷின்ல ஒவ்வொரு ஊசியும் நிமிஷத்துக்கு 2,250 தடவை ஏறி இறங்குது. அந்த வேகத்துல கேமோட அளவு மட்டும் சரியா இருந்தா போதாது, முகம் கண்ணாடியாட்ட இருக்கோணும். வயர்கட்ல வெட்டினா இரும்பு உருகி மறுபடி உறைஞ்ச ஒரு மெல்லிசுத் தோல் மேல நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. கெட்டியா, சொரசொரப்பா இருக்கும், அரம் மாதிரி. அதை உரசி எடுத்துட்டு பாலிஷ் பண்ணோணும். பட்டறைக்காரர் எடுக்கல. அவர் அதுவரைக்கும் டைக்கு (அச்சுக்கு) வெட்டினவர், ஊசி இப்படி ஓடும்னு அவருக்கு யாரு சொன்னா?

இது எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னா, மூணு வருஷம் கழிச்சு வெளிநாட்டு டெக்னீசியன் ஒருத்தர் வந்தப்ப சைகையிலயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

வெக்கமா இருக்குங்க சொல்ல. திரும்பி அந்தப் பட்டறைக்கு நான் போகவே இல்ல. "கோயமுத்தூர் கேம் ஆகாது"ன்னு நாலு பேர்கிட்ட சொன்னேன், அவங்க நாப்பது பேர்கிட்ட சொன்னாங்க. அந்த மனுஷன் இன்னைக்கு வரைக்கும் தான் செஞ்சது நல்லா ஓடுதுன்னு நினைச்சுட்டு இருப்பார்.

---

வார்ப்படம் – புதன், இரவு 8:45

எண்ணெய்க்கை, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன். எங்க ஃபவுண்டரியில எவனாவது பிளந்த காஸ்டிங்கைத் திருப்பி அனுப்பினா முதலாளி திட்டுவார், ஆனா மேஸ்திரி அதைத் தூக்கி வெச்சுக்குவார். மணல்ல ஈரம் ஏறிச்சா, காத்து போக வழி இல்லையான்னு அந்தப் பிளவைப் பாத்துத்தான் சொல்ல முடியும். நல்லா வந்த காஸ்டிங் நமக்கு ஒண்ணுமே சொல்லித் தராது.

---

தறிச்சத்தம் (சோமனூர்) – வியாழன், காலை 6:30

எல்லாரும் அறிவைப் பகிரணும் பகிரணும்னு பேசறீங்க. பகிர்ந்தவன் வீட்டுல அடுப்பு எரிஞ்சுதான்னு யாரும் கேக்கல. நான் விசைத்தறி ஜாப் ஒர்க். நூலும் பாவும் அவங்களது, கூலி மட்டும் நமக்கு. தறியில ஒரு சின்ன மாத்தம் பண்ணி ஊடை (குறுக்கு நூல்) அறுகறதைக் குறைச்சேன். பக்கத்துத் தறிக்காரனுக்குச் சொன்னேன், அவன் இன்னொருத்தனுக்கு. ஆறு மாசத்துல "இப்பத்தான் ஓட்டம் நல்லா இருக்குதே"ன்னு கூலி பேசற எடத்துல அதையே எங்களுக்கு எதிரா வெச்சாங்க. 2022 தொடக்கத்துல கூலிக்காகத் தறியை நிறுத்திட்டு வாரக்கணக்குல உக்காந்தோமே, அப்ப எந்தச் சலசலப்பும் எங்களைக் காப்பாத்தல.

இப்ப எனக்கு ஒரு வழி தெரிஞ்சா வாயைத் திறக்கறதில்ல. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க.

---

பீளமேட்டுப் பொண்ணு – வியாழன், காலை 9:40

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அண்ணா. எங்கள் ஆய்வுகள் பெரும்பாலும் அறிவு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்று பார்க்கின்றன. போன பிறகு லாபம் யார் பையில் விழுந்தது என்பதற்கு அந்த வரைபடங்களில் கோடே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. ரிக்கு அண்ணன் "எல்லாரும் பங்காளி" என்றார். கொங்கு நாட்டின் நம்பிக்கை வலை பெரும்பாலும் உறவுக்குள், சாதிக்குள் ஓடுவது. கடன் கிடைப்பது, பட்டறைக்குள் போய் நின்று பார்க்க முடிவது, "நம்ம பையன்" என்று தொழில் கற்றுத் தருவது எல்லாம் அந்த வலைக்குள். அதற்கு வெளியே பிறந்தவர் அதே மெஷின் முன்னால் 20 வருடம் நின்றாலும் சுற்றி நின்று பேசுகிற கூட்டத்தில் அவருக்கு இடம் இருப்பதில்லை.

---

ரிக்குலோடு – வியாழன், காலை 10:10

அம்மிணி சொல்றது சரிதான். அந்த வெல்டர் எங்க ஆளுக இல்ல. அவன் சொன்னதக் கேட்டுத்தான் வண்டி மாறுச்சு. வண்டியில பேரு எங்களது. நானும் யோசிக்கறேன்.

---

ஸ்டைல் நம்பர் (திருப்பூர்) – வியாழன், மதியம் 1:30

ஏற்றுமதி ஆர்டர் கவனிக்கற மெர்ச்சண்டைசர். பெண். இதையும் சேர்த்துக்குங்க: அந்தப் படுக்கைக் கோட்டை முதல்ல பாக்கறது ஃபிட்டர் இல்ல. செக்கிங் டேபிள்ல நிக்கற அக்காதான். எங்க யூனிட்ல ஒரு அக்கா துணியைத் தடவிப் பாத்தே "இந்த ரோல் எல்லாம் ஒரே மெஷின்ல வந்தது"ன்னு சொல்லிருவாங்க. சொன்னா என்ன நடக்கும்? துணியை ஒதுக்கிட்டு அடுத்ததை எடுப்பாங்க. நிட்டிங் யூனிட்டுக்குப் போன் போறது டெபிட் நோட் போட்டுக் காசு பிடிக்கறப்ப மட்டும்தான். காசு பிடிச்சதுக்கு அப்புறம் எவனாவது "ஏன் வந்துச்சு"ன்னு கேப்பானா, சண்டைதான் போடுவான்.

எங்ககிட்ட டெய்லரா இருந்த ஒரு பையன் ஊருக்குத் திரும்பி, ராஞ்சி பக்கம் எட்டு மெஷின் போட்டிருக்கான். மாசம் ஒரு தடவை வீடியோ கால்ல "அக்கா, காலர் ரிப் சுருங்குது, என்ன பண்றது"ன்னு கேப்பான். ஓனருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு. நான் சொல்லித்தான் தருவேன்.

---

கரும்புத்தோட்டம் (கோவை) – வியாழன், இரவு 9:15

இரும்பை விட்டுட்டுக் கொஞ்சம் மண்ணுக்கு வரலாமா? நம்மூர்லயே இதுக்கு நூறு வயசு தாண்டின உதாரணம் இருக்கு, யாரும் சொல்லலையேன்னு பாத்தேன்.

கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம், 1912. வட இந்தியக் கரும்பு அப்ப நாணல் மாதிரி ஒல்லி, சாறு கம்மி. நம்ம பக்கத்துத் தடிக் கரும்பை அங்க நட்டா குளிர்லயும் வறட்சியிலயும் நிக்காது. இங்க ஒரு வசதி, கோயமுத்தூர்ல கரும்பு இயல்பாப் பூக்கும், அதனால ஒட்டுச் சேர்க்க முடியும். 'வெள்ளை'ங்கற தடிக் கரும்போட இங்க தானா வளர்ற பேய்க்கரும்பை ஒட்டினாங்க. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் செஞ்ச வேலை. 1918-ல் கோ 205 ரகம் வெளிவந்து பஞ்சாப்ல ஓடுச்சு.

இதுல பாக்க வேண்டியது, வேலை ரெண்டு ஊர்ல நடந்தது. பூவும் விதையும் இங்க. தேறுமா தேறாதான்னு தீர்ப்பு அங்க. 1932-ல் ஹரியானா கர்னால்ல கிளை நிலையமே வெச்சுட்டாங்க. அங்க அழுகினது, காய்ஞ்சது, படுத்தது எல்லாம் இங்க கணக்குக்கு வந்துரும், அடுத்த ஒட்டுக்கு எந்தத் தாய், எந்தத் தந்தைன்னு அதை வெச்சுத்தான் முடிவு. எண்ணெய்க்கை அண்ணன் அனுப்பாம விட்ட அந்தக் கேம் இருக்குல்ல, அது ஒவ்வொரு வருஷமும் கர்னால்ல இருந்து கோயமுத்தூருக்கு வந்துட்டே இருந்தது.

கொஞ்சம் கசப்பும் சேத்துக்கறேன். 2009-ல் வந்த கோ 0238 ரகம் சர்க்கரை நல்லாக் குடுத்ததால உத்தரப் பிரதேசக் கரும்பு நிலத்துல பெரும்பகுதியைப் பிடிச்சது. ஒரே ரகம் அத்தனை தூரம் பரவின எடத்துல செவ்வழுகல் நோய் புகுந்தப்ப ஒதுங்க இடமில்லாம போச்சு. நல்ல சரக்கு வேகமாப் பரவறதே ஒரு ஆபத்து. திருப்பூர்ல எல்லாரும் ஒரே மாடல் மெஷின் வாங்கறதுக்கும் இது பொருந்துமான்னு நீங்கதான் சொல்லோணும்.

---

காஜா பட்டன் – வியாழன், இரவு 9:50

சரி, நானும் ஒரு தடவை ஒழுங்காப் பேசறேன். திருப்பூர் என்ன கண்டுபிடிச்சுதுன்னு மேல ஒருத்தர் கேட்டாரே. 2011 ஜனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறையை மூடச் சொல்லுச்சு. நொய்யல் ஆத்தைக் கெடுத்தது நாமதான், அதுல பேச்சே இல்ல, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ இருக்கற விவசாயிகிட்ட நாம இன்னும் முகம் குடுத்துப் பேச முடியாது. ஆனா அதுக்கப்புறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடாம பட்டறை ஓட்டப் பழகினோம். தண்ணியை வடிகட்டற வெளிநாட்டு மெம்பரேன் வந்தது, ஆவியாக்கற எவாப்பரேட்டர் வந்தது. நம்ம உப்புத் தண்ணிக்கு அது அப்படியே ஒத்துவரல. ஓட்டி, அடைச்சு, கழுவி, மறுபடி ஓட்டி, கடைசியில உப்பைக் காயவெச்சு எடுக்கறதுக்குப் பதிலா உப்புக் கரைசலையே திரும்பச் சாயத்தொட்டிக்கு விடற மொறையைக் கொண்டுவந்தாங்க.

அது ஏன் நடந்துச்சு? பொது சுத்திகரிப்பு நிலையம். பல பட்டறைக்காரன் ஒரே தொட்டியில. அடைச்சா எல்லாருக்கும் அடைக்கும். மறைக்க வழியே இல்ல. நிட்டிங்ல அந்த மாதிரி பொதுத் தொட்டி நமக்கு இல்ல, அதான் வித்தியாசம்னு எனக்குத் தோணுது.

---

சாய்பாபா காலனி – வியாழன், இரவு 10:20

ஒத்துக்கறேன். மேல பாத்திரம் சமையல்னு எழுதினதுக்கு மன்னிச்சுருங்க. எங்க தெருவுல வெட் கிரைண்டர் அசெம்பிள் பண்றவங்க இருக்காங்க, அதுக்குக் கல்லு ஊத்துக்குளிப் பக்கம் இருந்துதான் வருது. திருப்பூர் மாவட்டக் கல்லு இல்லாம கோயமுத்தூர் கிரைண்டர் சுத்தாது 🙂

---

எண்ணெய்க்கை – வெள்ளி, காலை 7:45

நேத்து ராத்திரி அந்தப் பட்டறை நம்பரைத் தேடி எடுத்துப் போன் பண்ணினேன். அதே மனுஷன்தான் எடுத்தார். ஏழெட்டு வருஷம் முன்னாடி கேம் வெட்டினீங்களே, ஞாபகம் இருக்கான்னேன். "திருப்பூர்க்காரர்தானே, மறுபடி வரவே இல்லையே, பணம் அதிகம்னு நினைச்சுட்டீங்களோன்னு இருந்தேன்"ன்னார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அந்த ஊசி ஒண்ணு ரெண்டு இருந்தா கொண்டு வாங்க"ன்னார். கேமைக் கேக்கல பாத்துக்குங்க, ஊசியைக் கேட்டார்.

ஊசிக்கோடு தம்பி, கூடையில கிடக்கற கேமைத் துடைச்சு எடுத்து வைங்க. எந்த ஃபீடர்ல இருந்தது, எத்தனை மாசம் ஓடுச்சு, என்ன நூல், லைக்ரா போட்டீங்களா, என்ன எண்ணெய், எல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கட்டி வைங்க. அந்த மெஷின் ஊசியிலயும் புதுசு நாலு, தேஞ்சது நாலு. சேந்து போலாம். முதல் தடவையே சரியா வரும்னு நான் சொல்லமாட்டேன்.

---

தறிச்சத்தம் – வெள்ளி, காலை 8:10

அந்தப் பட்டறைக்காரர் இதைக் கத்துக்கிட்டு நாளைக்கு ஊருக்கே கேம் வெட்டி விப்பார். எண்ணெய்க்கைக்கு என்ன கிடைக்கும்?

---

எண்ணெய்க்கை – வெள்ளி, காலை 8:25

தெரியல அண்ணா. கேட்டுட்டுத்தான் போறேன். வெட்டற ஒவ்வொரு செட்டுக்கும் மாட்டிப் பாத்துத் தர்ற கூலி எனக்குன்னு பேசலாம்னு இருக்கேன். நீங்க பட்டது எனக்கு உதவுது, உண்மையாச் சொல்றேன்.

---

ஸ்டைல் நம்பர் – வெள்ளி, காலை 11:00

புதுக் கேம் மாட்டி முதல் ரோல் வந்ததும் எங்க யூனிட்டுக்கு ரெண்டு மீட்டர் அனுப்புங்க. அக்காவைத் தடவிப் பாக்கச் சொல்றேன். மெஷின் மேல அவங்க சொன்னதையும் எழுதி வைங்க, அவங்க பேரோட.

---

ஊசிக்கோடு – சனி, மாலை 6:05

தைவான் பார்சல் இன்னைக்கு மதியம் வந்துருச்சு. பன்னெண்டாவது… இல்ல, பதிமூணாவது நாள். மாட்டியாச்சு, மெஷின் ஓடுது. சத்தம் கேட்டுட்டே எழுதறேன்.

பழைய கேமு நாலையும் மண்ணெண்ணெய்ல கழுவி டிபன் பாக்ஸ்ல போட்டு வெச்சிருக்கேன், சீட்டுக் கட்டியாச்சு. ஊசியும் இருக்கு. வீட்டுல "சோத்து டப்பாவுல என்ன இரும்பு"ன்னு ஒரே சத்தம்.

எண்ணெய்க்கை அண்ணா, கணபதியில ஞாயித்துக்கிழமை பட்டறை திறந்திருக்குமுங்களா, இல்ல திங்கக்கிழமை லீவு போட்டுட்டு வரட்டுங்களா?